பதினைந்தடிப் பாலம்

அந்த ஆளை நான் சும்மா விடுவதாக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

லாரிகளுக்கு வழி எழுதிக் கொடுக்கும் அரசு அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். அளவு மீறிய சுமையோ அமிலமோ, எது எந்தச் சாலையில் போகலாம் என்று அனுமதிச் சீட்டில் எழுதி முத்திரை குத்துவேன். மூன்றாம் ஜன்னல். மின்விசிறி என் தலைக்கு மேல் சுற்றும், காற்று மட்டும் பக்கத்து ஜன்னலுக்குப் போகும்.

என் அண்ணன் அமில டேங்கர் ஓட்டினான். அமில வண்டி ஊருக்குள் வரக் கூடாது, நாற்பது கிலோமீட்டர் சுற்றித்தான் போக வேண்டும். அந்தச் சுற்றுக்குச் சோம்பி, அபாயப் பலகையைக் கழற்றச் சொல்லி ஊர்வழியே அனுப்பினான் முதலாளி. வளைவில் வண்டி கவிழ்ந்தது. பலகை இல்லாததால் என்ன சரக்கென்று தெரியாமல் தீயணைப்புக்காரர்கள் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கிளம்பிய புகையில் அண்ணனின் நுரையீரல் வெந்தது. விசாரணையில் முதலாளி கொஞ்சமும் கூசாமல், “பலகைய டிரைவர்தான் கழட்டிருக்கான், எனக்குத் தெரியாது” என்று கையைக் கழுவினான். அண்ணனின் லைசென்ஸ் போனது. நாலு வருடமாக வீட்டுக்குள்ளேயே இருமிக்கொண்டு கிடக்கிறான். ஊரைக் கொல்லப் பார்த்தவன் என்று தெருவில் பேச்சு.

செவ்வாய்க்கிழமை காலை அதே முதலாளி என் ஜன்னலுக்கு வந்து நின்றான். அவனுக்கு என்னைத் தெரியவில்லை. டிரைவர் முகமே ஞாபகம் இருக்காது, தங்கை முகமா தெரியப்போகிறது!

“பெரிய பாய்லர் மேடம். வியாழக்கிழமைக்குள்ள போய்ச் சேரலேன்னா ஆலைக்காரன் என்னைத் தலைமுழுகிடுவான். கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க” என்று குழைந்தான்.

விண்ணப்பத்தில் வண்டியோடு சேர்த்து உயரம் பதினாலு அடி பத்து அங்குலம். வழியில் இருக்கும் ரயில் பாலம் பதினைந்து அடி. கூடவே அவன் இணைத்திருந்த புகைப்படத்தைப் பார்த்தேன். அவனே அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிறான். கீழே டிரெய்லர் டயர்கள் சப்பையாக உட்கார்ந்திருக்கின்றன. காற்றை இறக்கிவிட்டு அளந்திருக்கிறான், களவாணி! சாலைக்கு வந்து காற்றடித்தால் பதினைந்தே கால் அடியாவது வரும்.

வாடா மகனே வா என்றது மனசு. பேசாமல் முத்திரையைக் குத்தினால் போதும். பாலத்தில் பாய்லர் முட்டி அவன் தொழிலே நாறிப்போகும். முத்திரையைக் கையில் எடுத்தும்விட்டேன்.

“யார் ஓட்டறாங்க?”

“யாரோ ஒரு புது டிரைவர்.”

“பாலத்துல தட்டிச்சுன்னா?”

“அதெல்லாம் அவன் பாடு மேடம்!” என்று சிரித்தான்.

முத்திரையைக் கீழே வைத்தேன். இவனுக்கு இன்னொரு டிரைவரைப் பலி கொடுக்க நான் யார்?

“அளவுல சந்தேகம் இருந்தா உரிமையாளரும் லாரி முன்சீட்டுல போகணும். அது விதி. எனக்குச் சந்தேகம் இருக்கு” என்றேன்.

“நானா? எதுக்கு?”

“பாலத்துக்கு அடியில நீங்களும் போவீங்க. அளவு சரிதானே, என்ன பயம்?”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். “அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் மேடம். திருத்திடலாமா?”

“திருத்தலாம். தப்பு எப்படி வந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

உடனே எழுதினான்: ‘டிரைவர் தவறாக அளந்துவிட்டார்.’ யோசிக்கக்கூட இல்லை, பாவி.

புகைப்படத்தை அவன் பக்கம் திருப்பினேன். “நாடாவைப் பிடிச்சிருக்கிறது நீங்கதானே? இல்லேன்னா டிரைவரைக் கூப்பிடுங்க, நான் கேட்டுக்கறேன்.”

எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினான்: ‘டயரில் காற்றை இறக்கி அளந்தது நான். டிரைவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.’ கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக, “சீட்டு எப்ப கிடைக்கும்?” என்றான்.

“அடுத்த வருஷம்” என்றேன். “பொய் அளவு கொடுத்ததா உரிமையாளரே ஒத்துக்கிட்டா ஒரு வருஷத்துக்கு எந்த வண்டிக்கும் அனுமதி கிடையாது. விண்ணப்பத்துப் பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கு, படிச்சுப் பாருங்க.”

கத்தினான், மேலதிகாரி வரை போனான், அப்புறம் கெஞ்சினான். கெஞ்சும்போதுதான் நான் யாருடைய தங்கை என்று சொன்னேன். அவன் வாய் திறந்தபடியே நின்றது. அன்று மத்தியானச் சாப்பாடு எனக்கு அமிர்தமாக இறங்கியது.

சாயங்காலம் அந்தத் தாளின் நகலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். விதிப்படி தப்புதான், இருக்கட்டும். அண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தான். மறுபடி படித்தான். சந்தோஷப்படுவான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதை எழுத அவனுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டான்.

“ரெண்டு நிமிஷம்கூட ஆகலண்ணா.”

இருமல் வந்து அடங்கும்வரை தாளை மடியில் வைத்திருந்தான்.

“ரெண்டு நிமிஷ வேலைதானா? அன்னிக்கு எனக்கும் அவன் இதை எழுதியிருக்கலாமேம்மா.”

முதலாளிக்கு நான் கொடுத்த ஒரு வருடம் கொஞ்சமும் போதாது என்று தோன்றியது.