ஹோரஸ் தூங்காத டிசம்பர்

இந்தக் குளிர்காலம் ஹோரஸைத் தூங்க விடுவதில்லை என்று மால்கம் டாட்ஸ் அக்டோபரிலேயே முடிவு கட்டிவிட்டார். மால்கம் ஒன்றை முடிவு கட்டிவிட்டால் வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தே தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

ஹோரஸ் ஓர் ஆமை. மால்கமின் மனைவி ஹேசலுக்கு எட்டு வயதானபோது அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. ஆண் என்று நம்பிப் பெயர் வைத்தார்கள். முப்பது வருடம் கழித்து ரோஜாச் செடியடியில் அது முட்டையிட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. "பேருல என்ன இருக்கு, அதுவா வெட்கப்படப் போகுது?" என்று ஹேசல் கடைசிவரை ஹோரஸ் என்றே கூப்பிட்டாள்.

வருடந்தோறும் நவம்பர் பிறந்தால் ஹேசல் அதைக் குளிர்காலம் முடியும்வரை தூங்க வைப்பாள். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்கிற வேலையில்லை அது. முதலில் மூன்று வாரம் தீனியை நிறுத்துவாள். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து வயிற்றைக் காலியாக்குவாள். எடை போட்டு நோட்டில் எழுதுவாள். அதன்பிறகுதான் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பாள். வயிற்றில் தீனியோடு குளிரில் தூங்கிப்போனால் அது செரிக்காமல் உள்ளேயே அழுகி ஆமையைக் கொன்றுவிடும். "வயிறு காலியானா பயமில்லை, தூங்கலாம்" என்பாள்.

போன பிப்ரவரியில், ஹோரஸ் தோட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோதே, ஹேசல் தூக்கத்திலேயே போய்விட்டாள். காலையில் எழுந்த மால்கம் அவள் அசந்து தூங்குகிறாள் என்று நினைத்தார். பூனைபோலப் படியிறங்கி, டீ போட்டு, ரேடியோவை முணுமுணுக்க விட்டு, பதினோரு மணிவரை அவளை எழுப்பாமல் காத்திருந்தார். தூக்கம் என்ற சொல்லே அதன்பிறகு அவருக்கு ஆகாமல் போயிற்று.

தோட்டத்து மூலையில் இருந்த ஆமை வீடு நாய்க்கூண்டைவிடக் கொஞ்சம் பெரிய மரப்பெட்டி. மூடியைத் தூக்கித் திறக்கலாம். மால்கம் அதன் நாலு பக்கமும், தரையிலும், மூடியின் அடியிலும் வெள்ளித்தாள் ஒட்டிய நுரைப் பலகையை இரண்டு அங்குலத் தடிமனில் வெட்டிப் பொருத்தினார். இடுக்குகளை டேப் போட்டு அடைத்தார். வாசலில் கனத்த பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிட்டார். மூச்சுக்கு ஹேசல் விட்டிருந்த இரண்டு துளைகளில் மட்டும் கை வைக்கவில்லை. மேலே வெளிச்சம் இல்லாத ஹீட்டர் ஒன்று. ஆமையின் தோளுயரத்தில் ஒரு வயர், அதன் நுனியில் விரல் நீள உலோகக் குச்சி. பதினெட்டு டிகிரிக்குக் கீழே போனால் குச்சி சொல்லும், ஹீட்டர் எரியும். மேலே போனால் அணையும். அந்த எண் சமையலறை ஜன்னலோரம் ஒரு சின்னப் பெட்டியில் தெரியும். அதற்குப் பக்கத்துச் சுவரில் வீட்டு ஹீட்டிங்கின் பெட்டி, அதிலும் ஓர் எண். அறைச் சூட்டைப் பார்த்து அது வீட்டுக் கொதிகலனை எரிய விடும், அணைக்கும். மால்கம் மற்றவர்கள் டிவி பார்ப்பதுபோல் உட்கார்ந்து ஹோரஸின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஹேசலின் தங்கை கிளெனிஸ் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். தோட்டத்துக் கதவுக்கு அவளிடமும் ஒரு சாவி உண்டு. நவம்பர் நடுவில் வந்தவள் ஆமைக்கு முன்னால் கீரைக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏன் மால்கம், இன்னுமா அதுக்குத் தீனி போடறே? அக்கா இருந்திருந்தா உன் தோலை உரிச்சிருப்பா."

"இந்த வருஷம் தூக்கம் கிடையாது. முழிச்சே இருக்கட்டும். ஹீட்டர் பின்ன எதுக்கு?"

"அறுபது வருஷம் தூங்கிப் பழகின உயிரு அது. அதைப் போட்டு எதுக்கு இம்சை பண்றே?"

"உன் வேலையைப் பாரு கிளெனிஸ்."

"பாத்துட்டுத்தானே இருக்கேன்? அது ரெண்டு கிண்ணம் திங்குது. நீ என்னத்தத் தின்னே? பெல்ட்டுல ஆணியால புது ஓட்டை போட்டிருக்கே. போன வாரம் நான் குடுத்த சூப் டின்னு அப்படியே இருக்கு. ஆமைக்கு ஆக்கிப் போடற மனுசனுக்கு ஒரு ரொட்டித் துண்டை வாட்டத் தெரியாதா?"

மால்கம் கெட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிசம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் நாலு மணி. வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது. பதினெட்டில் நின்றிருந்த எண் இருபத்தொன்று ஆனது. இருபத்தாறு. முப்பது. முப்பத்துநாலில் போய் நின்றது. ஹீட்டர் எரிவதைக் காட்டும் சிவப்புப் புள்ளி அணைந்திருந்தது. மால்கம் செருப்பு மாட்டாமலே ஓடினார். மூடியைத் தூக்கினால் உள்ளே எப்போதும் உள்ள சூடுதான். ஹோரஸ் தலையை இழுத்துக்கொண்டு சிவனே என்று இருந்தது. குச்சி தொங்கவிட்ட இடத்திலேயே தொங்கியது, ஒட்டிய டேப்கூடப் பிரியவில்லை. தொட்டுப் பார்த்தார். குச்சியின் நுனி மட்டும் வெதுவெதுவென்று இருந்தது, யாரோ இவ்வளவு நேரம் கையில் பொத்தி வைத்திருந்து இப்போதுதான் விட்டதுபோல.

மறுநாளும் நாலு மணிக்கு முப்பத்துநாலு. அதற்கு மறுநாளும். முதலில் மூன்று நிமிடம், பிறகு பத்து, பிறகு இருபது. குச்சி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கி மாட்டினார். புதிதும் அதையே சொன்னது. அப்புறம் அவருக்குக் கிளெனிஸ் மேல் சந்தேகம் வந்தது. சாவி அவளிடம்தானே இருக்கிறது? ஒன்பதாம் தேதி பனி விழுந்து தோட்டம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. நாலு மணிக்கு எண் ஏறியது. டார்ச்சோடு போய்ப் பார்த்தார். வாசற்படியிலிருந்து ஆமை வீடுவரை ஒரு காலடித் தடம் இல்லை. திரும்பிப் பார்த்தால் அவருடைய தடம் மட்டும்தான் இருந்தது, அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் கிளெனிஸைக் கூப்பிட்டு ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

"சும்மா அந்த எண்ணை மட்டும் பாரு."

"இதுக்கா குளிர்ல வரச் சொன்னே? உனக்கு முத்திப்போச்சு மால்கம்."

நாலு அடித்தது. இருவர் கண்ணெதிரிலேயே எண் ஏறி முப்பத்துநாலில் நின்றது. கிளெனிஸ் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"அக்கா கை," என்றாள்.

மால்கமுக்கு முதல் நாளே தெரியும், தெரியாதென்று தனக்குத்தானே சாதித்துக்கொண்டிருந்தார். ஹேசல் எந்தத் தெர்மாமீட்டரையும் நம்பமாட்டாள். தினமும் நாலு மணிக்கு ஆமை வீட்டுக்குப் போய் அப்போதிருந்த தெர்மாமீட்டரின் குச்சியை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்து நூறுவரை எண்ணுவாள். கைச்சூடான முப்பத்துநாலைக் காட்டினால் குச்சி உண்மை பேசுகிறது என்று விட்டுவிட்டு வருவாள்.

"அவ வேற எதுக்கு வருவா? அதைத் தூங்க வைக்க வந்திருக்கா," என்றாள் கிளெனிஸ். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று, "அவ சொன்னதைக் கேளு மால்கம்," என்றாள். சாவியையும் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பதினாலாம் தேதி பகலிலேயே மைனஸ் ஒன்பது. நாலு மணிக்கு எண் ஏறியது. அரை மணி ஆயிற்று, இறங்கவில்லை. ஐந்து மணிக்கும் முப்பத்துநாலு. குச்சி சூடு என்று சொல்லிக்கொண்டே இருக்க, ஹீட்டர் ஒரு மணி நேரமாக அணைந்தே கிடந்தது. மால்கம் போர்வையை எடுத்துக்கொண்டு பனியில் சறுக்கி ஓடினார்.

மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்தது குளிர். இவ்வளவு பலகையும் டேப்பும் போட்ட பிறகு ஒரு மணி நேரத்தில் அப்படிக் குளிர நியாயமே இல்லை. ஹோரஸ் கால்களை நீட்டியபடி அசையாமல் கிடந்தது, கண் பாதி மூடியிருந்தது. அதைத் தூக்கக் கையை விட்டவரின் விரல் குச்சியில் பட்டது. குச்சி சுட்டது. வயரைப் பிடித்து இழுத்தார். வயர் வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

"விடு ஹேசல்!" என்று கத்தினார். "காலையிலதான் ரெண்டு கிண்ணம் தின்னுச்சு! வயிறு முட்ட இருக்கு! இப்ப ஆற வச்சா உள்ள அழுகிடும்னு நீதானே சொல்லுவே? தப்பு என்னோடதுதான். தூங்கறதைப் பாக்க எனக்குத் தைரியமில்ல, அதான். மூணு வாரம் குடு. நானே முறையாத் தூங்க வைக்கிறேன். சத்தியமா."

அழுதுவிட்டார். ஹேசலின் அடக்கத்தன்றுகூட அழாத மனிதர். கையிலிருந்த வயர் மெல்லத் தளர்ந்தது. குச்சி அவர் உள்ளங்கையில் ஆறியது. தலைக்கு மேலே டிக் என்று ஹீட்டர் எரிய ஆரம்பித்தது.

அந்த மூன்று வாரமும் நாலு மணிக்கு எண் அசையவே இல்லை. மால்கம் ஹேசலின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் செய்தார். தீனியை நிறுத்தினார். தினமும் தண்ணீரில் உட்கார வைத்தார், எடை போட்டார். ஆமை பட்டினி கிடக்கும்போது தனக்கென்று அடுப்பு மூட்ட அவருக்குத் தோன்றவில்லை. டீயும் இரண்டு பிஸ்கட்டுமாக ஓடியது. பெல்ட்டில் இன்னோர் ஓட்டை விழுந்தது.

ஜனவரி நாலாம் தேதி ஹோரஸின் வயிறு சுத்தமாகக் காலி. ஏற்கெனவே பன்னிரண்டுவரை இறக்கியிருந்த சூட்டை ஐந்துக்கு இறக்கினார். மண்ணும் காய்ந்த இலையும் போட்டு அதைப் படுக்க வைத்தார். கடைசியாக, ஹேசலைப்போலவே குச்சியை முஷ்டிக்குள் பிடித்து எண்ணினார். "தூங்கு ஹோரஸ்," என்றார். சொல்லிவிட முடிந்தது என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

நாலு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தார். எண் ஐந்து. நாலு தாண்டியும் ஐந்துதான். அப்பாடா என்று சாய்ந்தார். அவ்வளவு நிம்மதியாக அவர் ஒரு வருடத்தில் சாய்ந்ததில்லை. கண் சொருகியது.

டிக்.

அடுப்படியில் கொதிகலன் நின்றுபோயிருந்தது. சுவரிலிருந்த வீட்டுப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். முப்பத்துநாலு. அறை ஒன்றும் அப்படிச் சுடவில்லை, அவர் மூச்சு புகையாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. ரேடியேட்டர் ஆறி ஆறிச் சொடுக்குப் போட்டது. அவர் கை தானாக பெல்ட்டைத் தொட்டது. கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று யோசித்தார், நினைவு வரவில்லை. மூன்று வாரம். வயிறு காலியானால் பயமில்லை, தூங்கலாம்.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அப்படியே சாய்ந்திருக்கலாம் என்றுதான் அவருக்கு இருந்தது.

பிறகு எழுந்தார். ரொட்டியைத் தடிமனாக வெட்டினார். வெண்ணெயை அப்பினார், மேலே சீஸை வைத்தார், நின்றபடியே கடித்தார். வாய் நிறைய ரொட்டியோடு சுவரைப் பார்த்து, "இன்னும் இல்ல ஹேசல்," என்றார். "பாரு, தின்னுட்டிருக்கேன்." அடுத்த துண்டை வெட்டினார். மூன்றாவது துண்டில் எண் இறங்கத் தொடங்கியது.

அன்றிலிருந்து நாலு மணி ஆனால் மால்கம் எங்கிருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடுவார். சுவரிலிருக்கும் அந்த வீட்டுப் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மறக்காமல் ஏதாவது சாப்பிடுவார்.