பூந்தொட்டி விதி

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து பாடம் நடத்தும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் வகுப்பாசிரியர் பூந்தொட்டி மாதிரி இருக்க வேண்டும். பேசக் கூடாது, கனைக்கக் கூடாது, புருவத்தைக்கூட ஏற்றக் கூடாது. க்ரோனிங்கன் மாகாணத்தின் வடக்குக் கடற்கரையில் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில் இந்த விதியைப் போட்டதே ஆசிரியை யாந்தினாதான். விதி போடுகிறவர்களுக்கு, அது தமக்கும் சேர்த்துத்தான் என்பது எப்போதும் கொஞ்சம் தாமதமாகவே உறைக்கும்.

அந்த ஆண்டு அவளிடம் வந்தவன் வெஸ்ஸல். கல்லூரியில் முதலாண்டு. வாத்தியார் வேலை தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க, செவ்வாய்க்கிழமைதோறும் அவளுடைய எட்டு வயதுப் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போவான். அவன் அப்பாவும் சித்தப்பாவும் கால்வாய் தூர்வாரும் படகு ஓட்டுகிறவர்கள். "காகிதம் வெட்டி ஒட்டப் போறியாடா?" என்று வீட்டில் ஒரே கேலி. ஜனவரி முடிவதற்குள் கல்லூரியில் தொடர்வதா விலகுவதா என்று அவன் சொல்லியாக வேண்டும். விலகினால் படகுதான்.

காலையில் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கைகொடுத்து, கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்வது அங்கே வழக்கம். ஃபென்னா என்றொரு பெண். அப்பாவும் அம்மாவும் பிரிந்ததிலிருந்து கையைக் கொடுப்பாளே தவிர, கண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை. யாந்தினாவும் எல்லா வித்தையும் செய்து பார்த்து ஓய்ந்துவிட்டாள். வெஸ்ஸல் வந்த முதல் வாரமே ஃபென்னா முன்னால் குந்தி உட்கார்ந்து இடது கையை நீட்டினான்.

"வலது கை இன்னும் எழுந்திருக்கல. எழுப்பிப் பாத்தேன், குறட்டை விடுது" என்றான்.

ஃபென்னா அவனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டாள். இவனுக்கு இது இருக்கிறது, சொல்லிக்கொடுத்து வருவதில்லை இது என்று யாந்தினாவுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து மனிதர்கள் அப்படித்தான். "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டாலே அங்கே மாலை போட்ட மாதிரி. அதற்கு மேல் புகழ்ந்தால் பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று அவள் மனதார நம்பினாள்.

நவம்பரில் அவன் முதல்முறையாக முழுப் பாடம் நடத்தினான். பின்னக் கணக்கு. வட்டமான பெரிய ஆப்பிள் கேக் ஒன்றைக் கொண்டுவந்து, எட்டாக வெட்டுவதா பன்னிரண்டாக வெட்டுவதா என்று பிள்ளைகளையே கேட்டான். கேக்கைக் கண்டதும் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. கெட்ட சத்தம் இல்லை, ஆசைச் சத்தம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவனே வகுப்பை அடக்கிப் பிடித்திருப்பான்.

யாந்தினாவுக்குப் பொறுக்கவில்லை. பின் வரிசையிலிருந்து கையைத் தூக்கினாள். ஆசிரியர் கை தூக்கினால் எல்லாரும் கை தூக்கி வாயை மூட வேண்டும் என்பது அந்த வகுப்பின் பழக்கம். மொத்த வகுப்பும் அவளை நோக்கித் திரும்பிக் கை தூக்கியது. கரும்பலகை முன்னால் கத்தியோடு நின்ற வெஸ்ஸலும் மறு கையைத் தூக்கினான்.

தான் செய்தது தெரிந்ததும் முகம் சிவந்து இறக்கிக்கொண்டான். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

அன்றைக்குக் காபி அறையில், பக்கத்து வகுப்பு வாத்தியார் ஹார்ம் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சீண்டினான். "பூந்தொட்டி கை தூக்குச்சாமே. எங்க கிளாஸ் வரைக்கும் பேச்சு."

"பையன் தடுமாறினான். பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"ஆமா. நீதானே அப்படி விதி போட்ட. அடுத்த வாரம் வெளிய வந்துடு. இங்க வந்து காபி குடி. நீ அங்க உக்காந்திருக்கிற வரைக்கும் அது உன் கிளாஸ்தான்."

"பாக்கலாம்" என்றாள் யாந்தினா.

அந்தப் பார்க்கலாம் ஒவ்வொரு செவ்வாயாகத் தள்ளிப் போனது. அவள் கெட்டவள் இல்லை. ஆனால் பிள்ளைகளின் கண்கள் தன் மீதே இருக்க வேண்டும் என்ற ஆசை, நல்ல ஆசிரியர்களுக்கு வருகிற ஒரு நோய். அவளுக்கு அது முற்றியிருந்தது. வெஸ்ஸல் ஒரு கேள்வி கேட்பான். பிள்ளைகள் முதலில் திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகுதான் பதில் சொல்வார்கள். அவன் குரல் வாரத்துக்கு வாரம் இறங்கியது. வேடிக்கைப் பேச்சு நின்றது. கடைசியில் அவனும் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவளைப் பார்க்க ஆரம்பித்தான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பு, நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான். "யாந்தினா, நேராவே சொல்லுங்க. எனக்கு இது வருமா?"

வரும் என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. "நின்னு பேசக் கத்துக்கோ. ரொம்ப அலையிற. மத்ததப் போகப்போகப் பாப்போம்" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த நாற்காலியைத் தூக்கினான்.

ஜனவரியின் கடைசி வாரத்தில் ஒருவழியாக அவள் எழுந்து வெளியே போனாள். அன்றைக்குப் பாடம், படகுகளை ஏற்றி இறக்கும் கால்வாய் மதகு எப்படி வேலை செய்கிறது என்பது. பெரிய தொட்டி நிறையத் தண்ணீர், அட்டைக் கதவுகள், பொம்மைப் படகுகள். காபி அறைக்குப் போகாமல், தாழ்வாரத்தில் தொங்கிய மழைக்கோட்டுகளுக்கு நடுவில் நின்று கேட்டாள். முதலில் இரைச்சல். வழக்கம்போல் அவள் கை பரபரத்தது. கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். பிறகு இரைச்சல் தானாக அடங்கி அவன் குரல் மட்டும் கேட்டது. அந்த இடதுகைக் குரல், முதல் வாரத்துக் குரல். அட்டைக் கதவு திறந்து பொம்மைப் படகு மேலே ஏறியிருக்க வேண்டும், உள்ளே எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். நடுவே ஃபென்னா சத்தமாக ஒரு கேள்வி கேட்டாள். ஃபென்னா வகுப்பில் கேள்வி கேட்டு யாந்தினா அதுவரை கேட்டதே இல்லை. மழைக்கோட்டுகளுக்கு நடுவில் நின்று அவள் அழுதாள். சந்தோஷமும் வெட்கமும் அதில் சரிபாதி.

பிள்ளைகள் போனதும் உள்ளே ஓடினாள். வெஸ்ஸல் தரையில் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வெளியில நின்னு கேட்டேன். வெஸ்ஸல், உனக்கு இது பிறவியிலயே இருக்கு. முதல் வாரமே எனக்குத் தெரியும்."

அவன் துடைப்பதை நிறுத்தினான். "விலகிக்கிறேன்னு நேத்தே கல்லூரிக்குப் போன் பண்ணிட்டேன். மதகு காட்டுறேன்னு பசங்களுக்கு வாக்குக் குடுத்தாச்சு, அதான் இன்னிக்கு வந்தேன்."

"நான் பேசறேன். இப்பவே போன் பண்றேன்."

"வேணாம். சித்தப்பா படகுல திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாரு." பிறகு மரியாதையாகச் சிரித்தான். "என்னைச் சமாதானப்படுத்த இவ்வளவு சொல்லணும்னு இல்ல. நீங்க இப்படிப் பேசற ஆளு இல்லைன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் எவ்வளவோ சொன்னாள். ஒன்றையும் அவன் நம்பவில்லை. நம்புவதற்கு அவள் அவனைப் பழக்கியிருக்கவில்லை.

அடுத்த செவ்வாய், நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்ததும் டௌவே என்ற பையன் கேட்டான். "வெஸ்ஸல் சார் வரலியா டீச்சர்?"

"இனிமே வர மாட்டார். வேற வேலைக்குப் போயிட்டார்."

"நாங்க சத்தம் போட்டதாலயா?"

"இல்லப்பா. தப்பு என்னோடது. அவர் நல்லா நடத்துறார்னு நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல."

வட்டத்தின் மறுபக்கத்திலிருந்து ஃபென்னா அவளை நேராகப் பார்த்தாள். "நான் அவர்கிட்ட சொன்னேனே. நீங்கதான் நல்ல சார்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"டீச்சர் சொல்லட்டும், அப்ப நம்புறேன்னு சொன்னாரு."

"எப்போ?"

"கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னாடி."

யாந்தினா வாசிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று பிள்ளைகள்தான் சொல்ல வேண்டியிருந்தது.