நாள் தவறாத சுந்தரம்

ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே நூலக வாசலில் அரசாங்கம் இலவச வைஃபை வைத்த நாளிலிருந்து நவரத்தினத்துக்கு ஒரே கேள்விதான். இதை என்னத்துக்குச் சும்மா கொடுக்கிறார்கள்?

அவர் கேட்காத ஆளில்லை. வேலைவெட்டி இல்லாத கூட்டம் வாசலை அடைத்துவிடும் என்று மூலைக்கடை டெய்ரிக்காரர் எரிந்து விழுந்தார். மருந்துக்கடைப் பெண், அந்த அலை தலைக்கு ஆகாது என்றாள். பென்ரோஸ் கிடங்கில் அவரோடு பெட்டி அடுக்கும் மலேசியாக்காரர் தேவன் மட்டும் சிரித்தார்.

"ஃப்ரீயா கெடச்சா எடுத்துக்கங்க லா. ஏன் மண்டைய ஒடச்சிக்கிறீங்க?"

மண்டையை உடைத்துக்கொண்டே நவரத்தினம் எடுத்துக்கொண்டார். வேறு வழியில்லை. வாடகைக்கு இருந்த பின்னறையில் இன்டர்நெட் கிடையாது. கிளிநொச்சியில் அக்கா செல்வநாயகிக்கு இப்போதுதான் ஒரு ஸ்மார்ட்போன் கிடைத்திருந்தது. பதினெட்டு வருடம் வெறும் குரலாக இருந்த அக்காவை முகம் பார்த்துக் கதைக்க, இந்த நூலக வாசல் பெஞ்சை விட்டால் கதியில்லை.

ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து வைஃபையைத் தொட்டதும் போன் பெயர் கேட்டது. அரசாங்கம் கேட்டால் பெயர் கொடுக்க நவரத்தினத்துக்கு மனம் வராது. ஊரில் சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடியில் பெயர் எழுதிக்கொண்டவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று கண்ணால் பார்த்தவர். விரல் தன்பாட்டில் 'சுந்தரம்' என்று அடித்தது. ஏஜென்ட் கொடுத்த கள்ளப் பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் அது. ஆக்லாந்தில் இறங்கியதுமே அதிகாரிகளிடம் உண்மையைச் சொல்லி, அகதியாகி, குடியுரிமையும் வாங்கியாயிற்று. இருந்தும் யாரென்றே தெரியாத அந்தச் சுந்தரத்தை ஆபத்துக்கு உதவுவான் என்று அவர் கைவிடாமல் வைத்திருந்தார்.

மூன்று மாதம் வேலை முடிந்து சுந்தரம் நாள் தவறாமல் வந்தான். அக்கா புதுப் பல்செட்டைக் காட்டினாள். அவர் கடற்பறவைகளைக் காட்டினார். "தலைமயிர் எங்கயடா?" என்று அவள் கேட்டபோது அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஒரு மாலை, அக்காவின் முகம் போனில் வந்த நேரம் பார்த்து, கிளிப்போர்டோடு ஓர் இளம்பெண் பெஞ்சருகே வந்து நின்றாள். கழுத்தில் அரசாங்க அட்டை. அஞ்சனா என்று இருந்தது.

"அங்கிள் தமிழா? நான் மலேசியா, ஈப்போ. இந்த வைஃபைய மாசக் கடைசியில எடுத்துடலாம்னு பேசுறாங்க. வேணும்னு யாராவது எழுதிக் குடுத்தாதான் நிக்கும். வைஃபை லிஸ்ட்ல சுந்தரம்னு ஒருத்தர் தினமும் வர்றாராம், தெரியுமா?"

நவரத்தினம் போனை மடியில் வைத்தார். "அவரை என்னத்துக்குத் தேடுறியள்?"

"பேர் கேட்டா ஒருத்தர் 'சொல்ல மாட்டேன்'னு போட்டிருக்கார். ஒருத்தர் அவர் நாய் பேர். நாலு பேர் பிரதமராம்! இவர் பேர் ஒண்ணுதான் நம்புற மாதிரி இருக்கு."

நவரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் ஒருவன்தான் பயந்தாங்கொள்ளி என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார்! அந்தச் சிரிப்போடு பழைய கேள்வியையும் கேட்டுவிட்டார்.

"ஏன் பிள்ளை இதைச் சும்மா குடுக்கிறாங்கள்?"

"எனக்கும் தெரியலையே அங்கிள். என்கிட்ட இந்தக் கிளிப்போர்டைத்தான் குடுத்தாங்க."

பொய் சொல்லாத பிள்ளையாக இருந்தாள். அவர் கிளிப்போர்டைக் கேட்டு வாங்கினார். வைஃபை எதற்கு வேண்டும் என்று முதல் வரி கேட்டது. 'என் அக்காவைப் பார்க்க' என்று ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். அடுத்த வரி பெயர். பேனா நின்றது. பழக்கதோஷத்தில் சுந்தரம்தான் முதலில் வந்தான். ஆனால் சுந்தரத்துக்கு ஏது செல்வநாயகி அக்கா?

நவரத்தினம் என்று எழுதினார்.

"சுந்தரம் எண்டது நான்தான் பிள்ளை. ஆனா என்ர பேர் நவரத்தினம்." தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

மடியிலிருந்த போனில் அக்காவின் குரல் எழும்பியது. "தம்பி, ஆரடா அது சுந்தரம்?"

"என்னை இஞ்ச கொண்டுவந்து விட்டவர் அக்கா," என்றார் நவரத்தினம். "இண்டைக்குத்தான் போறார்."