அத்தானின் குரலும் விமானச் சக்கரமும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தரையிறங்கும் விமானத்தின் சத்தத்தைக் குறைப்பது பற்றிக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். விவரம் கேட்கப் போனால், சத்தம் அளக்கும் பொறியாளர் தன் அத்தானை, அதாவது அக்காவின் கணவரைப் பற்றியே பேசினாள். கட்டுரை கைநழுவியது.

2

வானமே இடிந்து தலையில் விழுவதுபோல—

(இந்த வரியை அடித்துவிட்டேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு அது பழகிய சத்தம். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சை நிறுத்தி, விட்ட இடத்தில் தொடர்வார்கள்.)

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபின் அத்தானுக்கு மிஞ்சியது கிசுகிசுப்பு மட்டும். அதையும் விமானம் விழுங்கியது. "என்னங்க? என்ன சொன்னீங்க?" என்று அக்கா மூன்று முறை கேட்பாள். "ஒண்ணுமில்ல" என்று கையசைத்துவிடுவார். நாளாக நாளாகப் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

தங்கையான பொறியாளருக்குப் பொறுக்கவில்லை. மொட்டை மாடியில், துணிக்கொடிக்குப் பக்கத்தில் சத்தம் அளக்கும் மீட்டரை வைத்தாள். எஞ்சின் மட்டும் குற்றவாளி இல்லை. சீக்கிரமே இறக்கிவிட்ட சக்கரங்களில் மோதும் காற்றும் அலறியது. படிப்படியாக இறங்கி இடையிடையே எஞ்சினை முடுக்காமல், சறுக்குமரம்போல ஒரே சரிவில் வந்து, சக்கரத்தைக் கொஞ்சம் தாமதமாக இறக்கினால் சத்தம் அடங்கும்.

3

இதை எழுதிக்கொண்டு விமான நிறுவனத்துக்குப் போனாள். மூத்த விமானி மறுத்தார். (முதலில் இவரை வில்லனாக எழுதினேன். பாவம், நியாயமாகத்தான் கேட்டார்.)

"தாமதமா இறக்கப் போய், சக்கரத்தை இறக்கவே மறந்துட்டா யாரும்மா பதில் சொல்றது?"

"வீட்டுக்கு ஒரு தடவை வாங்க சார்."

வந்தார். அத்தான் ஏதோ கேட்டார். தலைக்கு மேல் விமானம். விமானி குனிந்து காதைக் கொடுத்தார். "மறுபடி சொல்லுங்க." சொன்னார், கேட்கவில்லை. மூச்சு வாங்கியது. அத்தான் சிரித்தபடி கையசைத்துவிட்டார்.

விமானி காப்பியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். "ஒரு மாசம் பார்ப்போம். ஆனா நாங்க சொல்ற உயரத்துல சக்கரம் முழுசா இறங்கிப் பூட்டலைன்னா, தரையிறங்காம விமானத்தை மேலே தூக்கிட்டுப் போயிடுவோம்."

"நானும் அதைத்தான் சார் எழுதியிருக்கேன்."

4

அந்தச் சோதனை மாதத்தின் முதல் நாள் காலை. விமானம் வந்தது. சத்தம் அறவே போய்விடவில்லை (கதைக்காகப் புளுகமாட்டேன்), தணிந்திருந்தது. அது கடந்துகொண்டிருக்கும்போதே அத்தான் ஏதோ சொன்னார். அக்கா திருப்பிக் கேட்கவில்லை. குலுங்கிச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னார்?" என்று பொறியாளரைக் கேட்டேன்.

"ஐயோ, நான் மீட்டரைப் பாத்துட்டிருந்தேனே!"

அக்காவைக் கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்றாள்.

"கத்தாத, என் காது நல்லாத்தான்—" என்று ஒன்று எழுதிப் பார்த்தேன். (வேண்டாம். அது என் குரல்.)

அவர் சொன்ன அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ள விட்டுவிடுகிறேன். சின்னதாக இருக்கட்டும், அவருக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும்.