மூன்று முறை பிழைத்தவர்

"மெதுவாத் தடவுங்க. மய்யித்துக்கும் நோவும்," என்றார் நாகூர் மீரான். பள்ளிவாசலிலிருந்து உடலைக் குளிப்பாட்ட வந்தவர்.

அத்தாவைச் சாய்த்துப் பிடித்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்த முஜீப்பின் கை சற்று மேலே போய்விட்டது. உள்ளே விலா எலும்பு நறநறவென்று நகர்ந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில நெஞ்ச அமுக்குனதுங்க."

நாகூர் மீரான் அந்த இடத்தில் மட்டும் செம்பால் ஊற்றாமல், தண்ணீரைக் கையில் ஏந்தி விட்டார். செத்தவரின் எலும்புக்கு இப்படிப் பதறும் ஊரில்தான், உயிரோடிருந்தவரின் எலும்பை மூன்று தடவை நொறுக்கியிருந்தார்கள்.

டவுன்ஹால் பக்கம் செருப்புக்கடை வைத்திருந்த அத்தா அமீர் ஹம்சாவுக்கு எண்பத்தொரு வயது. ஈரலில் கட்டி, இரண்டு கிட்னியும் போய், கஞ்சிகூட இறங்காமல் கிடந்தவர். "ஹார்ட் நின்னா காப்பாத்தட்டுங்களா, வேண்டாமுங்களா?" என்று ஆஸ்பத்திரியில் பேனாவை நீட்டினார்கள். எந்த மகன் வேண்டாம் என்பான்? கையெழுத்துப் போட்டான். முதல் தடவை "திரும்பிட்டாருங்க" என்றதும் வார்டு முழுக்க இனிப்பு கொடுத்தான், மடையன். திரும்பியவர் கண்ணே திறக்கவில்லை; இன்னும் இரண்டு தடவை அப்படியே அமுக்கி எழுப்பினார்கள். உயிர் போகுமுன் காதில் கலிமா சொல்ல வேண்டுமென்று அம்மா தாஜுன்னிசா மூன்று நாளும் ஐ.சி.யூ. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். கடைசிவரை உள்ளே விடவில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் டாக்டரிடம் கேட்டான்.

"இந்த நெலமையில இருக்கறவங்கள அமுக்கி எழுப்பினா, ஊடு போய்ச் சேர்றவங்க எத்தனை பேருங்க?"

"ரொம்ப அபூர்வமுங்க."

"அத முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே?"

"நீங்க கேக்கலீங்களே."

டாக்டரின் மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அவனுக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. செருப்பு வாங்க வருகிறவனிடம்கூட அத்தா, "இது மழைக்குத் தாங்காதுங்க" என்று கேட்காமலே சொல்லிவிடுவார்.

கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்துவைத்து அம்மாவை அழைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் கண்ணு, அத்தா செரமப்படாமத்தான போனாங்க?"

"ஆமாங்கம்மா."

அவள் தலையாட்டினாள். பிறகு, தூங்குகிறவரைத் தட்டிக்கொடுப்பதுபோல நெஞ்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள். முஜீப் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அங்க வேண்டாங்கம்மா."

"ஏன்டா?"

மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஆட்கள் காத்திருந்தார்கள். அவன் இன்னும் அந்தக் கையை விடவில்லை.