மனோகரன் எழுதாத கடிதம்

சோமசேகரத்தாருக்கு மற்றவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதில் அப்படியொரு வெறி. நேற்றுவரை வெள்ளைக்காரத் துரைக்கு அறிக்கை எழுதிக் கொடுத்த மனுஷன், இன்றைக்கு ஜப்பான்காரனின் பிரச்சார அலுவலகத்தில் எங்களுக்குத் தலைவர். வெட்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

விஷயம் இதுதான். சயாமில் ரயில்பாதை போட ஆள் வேண்டும். மூன்று மாத வேலை, அரிசி, டாக்டர் என்று மலாயாவின் ஜொகூர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினோம். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. இப்போது லாரிச் சத்தம் கேட்டாலே தோட்டத்து ஆட்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். ஓடாமல் என்ன செய்வார்கள்?

சோமசேகரத்தார் கண்டுபிடித்த காரணமோ வேறு.

"பிள்ளை ஞானேஸ்வரி, உங்கட எழுத்தில உயிர் இல்லை. சனம் நோட்டீஸை நம்பாது. போன ஆள் எழுதின கடிதம் எண்டால் நம்பும்."

"போன ஆக்கள் ஒருத்தரும் எழுதேல்லையே ஐயா?"

"அதுக்குத்தானே நாங்கள் இருக்கிறம்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரே மாதிரிக் கடிதம் ஒன்றை எழுதினார். போனவர்களின் பெயர்ப் பட்டியலில் கண்ணில் பட்ட ஒருவனின் பெயரைக் கீழே போட்டார். பெண் குரல் மனதை இளக்குமாம், அதனால் வாசிக்க வேண்டியவள் நான்.

சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்துத் தோட்டம். காலையில் வேலைக்கு ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோரையும் ஜப்பான் சிப்பாய்கள் வளைத்து நிறுத்தியிருந்தார்கள். வாசித்தேன்.

"நான் சுகம். வயிறாரச் சோறு கிடைக்கிறது. நீங்களும் வாருங்கள். இப்படிக்கு, மனோகரன்."

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஓடி வந்தாள். மனோகரனின் மனைவி வெள்ளையம்மாவாம்.

"எங்க வீட்டுக்காரரு கடுதாசியாம்மா? புள்ளயப் பத்தி ஒண்ணும் கேக்கலையா? போறப்ப வயித்துல இருந்துச்சு. கடுதாசின்னா மொதல்ல அதத்தானே கேப்பாங்க?"

நான் வாயைத் திறக்குமுன், பக்கத்தில் நின்ற சோமசேகரத்தார் முந்திக்கொண்டார்.

"கேட்டவர், கேட்டவர். கடிதம் நீளமாப் போச்செண்டு நாங்கள்தான் வெட்டிப்போட்டம்."

அந்த வாயில் புழு விழாதா! வெள்ளையம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் அவருகிட்டயே போறேன்" என்று லாரியில் ஒரு காலையும் வைத்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் நகர்ந்தார்கள்.

"ஏறாதீங்கக்கா!" என்று கத்தினேன். "இது உங்க வீட்டுக்காரர் எழுதுனது இல்ல. இந்த ஐயா ஜொகூர் பாரு ஆபீசுல நாற்காலியில உக்காந்து எழுதுனது!"

அவ்வளவுதான். கூட்டம் நாலாபக்கமும் சிதறி மரங்களுக்குள் ஓடியது. தமிழ் தெரியாத சிப்பாய்கள் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள்.

"உனக்கென்ன விசரோ? ரெண்டு பேரையும் கொல்லப்போறாங்கள்!" சோமசேகரத்தாருக்கு நாக்கு குழறியது.

வெள்ளையம்மா மட்டும் ஓடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு எழுதல, சரி. ஆளு இருக்காரா?"

அத்தனை பேரை அனுப்பிவைத்த எங்கள் அலுவலகத்திலிருந்து, அந்த ஒரு கேள்வியைக் கேட்டுச் சயாமுக்கு யாரும் ஒரு வரி எழுதியதில்லை.

அவள் என் கையை விடவில்லை.

"சொல்லும்மா. நான் பொட்டு வெச்சுக்கவா, அழிச்சிடவா?"