பையில் வைக்காத லென்ஸ்

தசரா விடுமுறைக்கு மூன்று நாள் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு பூவராகவன் கட்டிலின் மேல் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, அலமாரியிலிருந்து காமிராச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். டில்லி கரோல் பாகில் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, பதினாலு வருஷமாக, ஒவ்வொரு விடுமுறைக்கும் முன்னால் நடக்கிற காரியம் இது. எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்று அவர் தீர்மானிப்பார். எடுத்துப்போகிறவற்றைத் துடைத்து, பழைய மல் துணியில் சுற்றிக் கொடுப்பது அவர் மனைவி ருக்குவின் வேலை.

பழைய கட்டடங்களைப் படம் பிடித்துப் பதிவு செய்து வைக்கும் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பூவராகவன் தலைமைப் புகைப்படக்காரர். வயது ஐம்பத்தொன்று. ருக்கு புசா ரோடு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே பெண் வைதேஹி மதராஸில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆக, அந்த வருஷம் இமயமலையைப் பார்க்கக் கௌசானிக்குப் போகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

வழக்கமாக இந்த மூட்டை கட்டும் படலத்தில் ஒரு சண்டை உண்டு. சண்டைக்குக் காரணம் நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். சாணக்யபுரியில் ஒரு தூதரகத்து ஆசாமி ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அதை வாங்கிய அன்று, பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதைப்போல பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் பூவராகவன். ருக்கு அதற்கு வைத்த பெயர் பீரங்கி.

"ஸ்வெட்டர் வைக்க இடமில்லை. இந்தத் தடவையாவது உங்க பீரங்கியை விட்டுட்டு வாங்கோளேன்" என்பாள்.

"மலையை எவன் வேணா எடுப்பான், ருக்கு. முகம் எடுக்க இதுதான் வேணும்" என்பார் அவர். கடைசியில் ஒரு ஸ்வெட்டர்தான் வீட்டில் தங்கும். போன இடத்திலெல்லாம், அது சிம்லாவோ ஜெய்சால்மரோ, அந்த லென்ஸில் ருக்குவின் முகத்தை ஒரு தடவையாவது எடுக்காமல் அவர் திரும்பியதில்லை.

இந்த வருஷம் சண்டையே வரவில்லை. காமிரா, இருபத்தெட்டு மில்லிமீட்டர் அகல லென்ஸ், இரண்டு ரோல் ஃபிலிம். அவ்வளவுதான் வேட்டியின் மேல் இருந்தது.

"வேற?" என்றாள் ருக்கு.

"போதும். வயசாயிடுத்து, யார் தூக்கறது?"

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இரண்டு ஸ்வெட்டரையும் மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து இருபத்தெட்டைக் கையில் எடுத்து, கண்ணாடியை ஊதி, துணியால் மெல்லத் துடைத்தாள். தூரம் சரிசெய்கிற வளையத்தைத் துடைக்கும்போது கட்டை விரலில் ஏதோ நெருடியது. பாசிப்பருப்பு அளவுக்கு, காய்ந்து இறுகிய பசைத்துளி. எங்கேயோ ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள்.

"அதைத் தொடாதே!"

ருக்கு திடுக்கிட்டுப் போனாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தவர், சுரண்டுகிற சத்தத்தைக் கேட்டே கத்தியிருக்கிறார். இப்படி ஒரு குரலில் அவர் அவளிடம் பேசி அவளுக்கு நினைவில்லை.

"என்னன்னா ஆச்சு? ஏதோ பிசுக்குன்னு நெனச்சேன்."

"பிசுக்கு இல்லை. அடையாளம். நான்தான் வெச்சேன்."

"எதுக்கு அடையாளம்?"

"எட்டடிக்கு."

"அதான் நம்பர் பொறிச்சிருக்கே. எட்டுன்னு இதோ போட்டிருக்கே."

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ருக்கு லென்ஸைத் துணியில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். கணக்கு டீச்சருக்கு, விடை தப்பாக வரும்போது எந்த வரியில் பிசகியது என்று பின்னாலேயே போய்த் தேடுகிற பழக்கம் உண்டு. எழுந்து அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டில், தோல் உறைக்குள் நூற்று முப்பத்தைந்து அப்படியே இருந்தது. உறையின் மேல் தூசி. எத்தனை மாதத்துத் தூசி என்று தெரியவில்லை. இந்த வீட்டில் அந்த உறையின் மேல் தூசி படிந்து அவள் பார்த்ததே இல்லை.

அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதை மாட்டுங்கோ. என்னை ஒண்ணு எடுங்கோ."

"இப்ப எதுக்கு? ரோல் வீணாகும்."

"ரோல் போட வேண்டாம். சும்மா பாருங்கோ."

ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கை தானாக லென்ஸை மாட்டிவிட்டது. அதில் தடுமாற்றமே இல்லை. காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். வளையத்தைத் திருப்பினார். இந்தக் கோடிக்கு, அந்தக் கோடிக்கு, மறுபடி இந்தக் கோடிக்கு. முன்பெல்லாம் இரண்டு எண்ணுவதற்குள் முடிகிற காரியம். நெற்றியில் வியர்வை அரும்பியது. காமிராவைத் தாழ்த்தி மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியலை, ருக்கு."

"என்ன தெரியலை?"

"நீ."

கீழே தெருவில் காய்கறிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

பிறகு அவரே சொன்னார். பொங்கலுக்குப் பிறகு வலது கண்ணில் ஆரம்பித்ததாம். காமிராவில் நடுவில் இருக்கிற சின்ன வட்டத்தில்தான் உருவம் கூடிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வட்டத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. முதலில் காமிராவில் கோளாறு என்று நினைத்தார். இடது கண்ணால் பார்த்துச் சமாளித்தார். ஆடி மாதத்துக்குள் இடது கண்ணிலும் அது வந்துவிட்டது. அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டுத் தனியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போய்வந்திருக்கிறார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"முழுக் குருடு ஆகாதாம். ஓரமெல்லாம் தெரியும். விழித்திரையோட நடு மட்டும் போயிண்டே இருக்கும். மருந்து கிடையாதுன்னுட்டார். நடக்கலாம், பஸ் ஏறலாம். படிக்கறது, முகம் பார்க்கறது இதெல்லாம்..." கையை விரித்தார்.

"அப்ப ஆபீஸ்ல எப்படி?"

"கட்டடம் நகராதே. இந்த இருபத்தெட்டை எட்டடியில வெச்சு, வெளிச்சம் வர்ற துவாரத்தைச் சின்னதாக்கிட்டா நாலடிக்கு அப்பால எல்லாமே தெளிவா விழும். கண்ணே வேண்டாம். விரல் போதும். ஆடிலேர்ந்து அப்படித்தான் ஓட்டிண்டிருக்கேன்."

ருக்குவுக்கு இப்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது. வைதேஹி எழுதும் கடிதத்தை முதலில் அவர்தான் பிரிப்பார். கொஞ்ச நாளாக உறையைக்கூடக் கிழிக்காமல் "நீ படி" என்று நீட்டினார். ஸ்டாப்பில் நின்று, வருகிற பஸ்ஸின் நம்பர் என்ன என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார். எல்லாவற்றையும்விட, பேசும்போது அவள் கண்ணைப் பார்க்காமல் தோளுக்கு அப்பால் எங்கேயோ பார்த்துப் பேசினார். ஓரக் கண்ணில்தான் அவள் கொஞ்சமாவது தெரிகிறாள் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? தன்மேல் ஏதோ வெறுப்பு வந்துவிட்டது என்றே நினைத்திருந்தாள். வேறு யாராவதா என்றுகூட ஒருநாள் தோன்றி, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள்.

அது இல்லை என்று தெரிந்ததும், ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மனசு லேசாயிற்று. அப்படி ஆனதை உணர்ந்தபோது வெட்கம் வந்து அடைத்துக்கொண்டது. கண் போகிறது என்று ஒருவர் சொல்லும்போதா நிம்மதி?

வெட்கம் கோபமாகத் திரும்பியது.

"எட்டு மாசம்! ஒரு வார்த்தை சொல்லலையே! ஆஸ்பத்திரி க்யூல தனியா நின்னேளா? நான் எதுக்கு இருக்கேன் இந்த வீட்ல?"

"சொன்னா அன்னிலேர்ந்து நீ என் முகத்தையே பார்த்துண்டு இருப்பே. நான் உன் முகத்தைப் பார்க்க முடியாம உட்கார்ந்திருக்கணும். அதுக்கு தைரியம் வரலை."

ருக்கு எழுந்து அடுக்களைக்குள் போனாள். அடுப்பில் பால் வைத்தாள். அது பொங்கி வழிகிற வரை பார்த்துக்கொண்டே நின்றாள். துடைத்துவிட்டு, மிச்சப் பாலில் காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் அதே இடத்தில், காமிராவை மடியில் வைத்தபடி இருந்தார். டம்ளரை வழக்கமாக வைக்கிற ஸ்டூலில் வைக்கப் போனவள், நின்று, அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எனக்கு இன்னும் டம்ளர் தெரியறது" என்றார் அவர்.

"தெரியட்டும். குடிங்கோ."

அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பெட்டியைத் திறந்தாள். ஒரு ஸ்வெட்டரை வெளியே எடுத்து வைத்தாள். நூற்று முப்பத்தைந்தைத் துடைத்து, துணியில் சுற்றி, அந்த இடத்தில் செருகினாள்.

"அது எதுக்கு, ருக்கு? வீண் சுமை."

"நான் எடுக்கப் போறேன்."

"நீயா? உனக்கு என்ன தெரியும்?"

"அங்கே போய்த் தெரிஞ்சுக்கறேன்."

"யாரை எடுக்கப் போறே?"

"உங்களை. ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கோ. பதினாலு வருஷத்துல ஒரு படத்துல இருக்கேளா? எல்லாத்துலயும் நான் இருக்கேன், வைதேஹி இருக்கா, மலை இருக்கு, ஒட்டகம் இருக்கு. நீங்க எங்கே?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குக் கண் போனதும் உனக்குப் படம் வேணுமா? நான் பார்க்க முடியாத படம் யாருக்கு?"

"எனக்கு" என்றாள் ருக்கு. பெட்டியை மூடினாள். அவர் லென்ஸை வெளியே எடுக்கவில்லை.

கௌசானியில் முதல் இரண்டு நாளும் மேகம். இமயமலை இருக்க வேண்டிய திசையில் சாம்பல் திரை தொங்கியது. விடுதித் தாழ்வாரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, பூவராகவன் வேண்டாவெறுப்பாகச் சொல்லிக் கொடுத்தார். கையைக் கட்டி வைத்தாற்போல் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை விட்டுவிட்டு அழுத்த வேண்டும். ருக்குவுக்கு ஒன்றும் படியவில்லை. லென்ஸின் கனத்தில் மணிக்கட்டு நடுங்கியது. வட்டத்துக்குள் எல்லாம் கூடி வருகிற மாதிரி வந்து கலைந்து போயிற்று. ஒரு தடவை அவர் எரிச்சலில் காமிராவை வாங்கிக்கொண்டு தானே கண்ணில் வைத்தார். வைத்த வேகத்திலேயே இறக்கி அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வெயில் வந்தது. அவரைத் தாழ்வாரத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து, அவள் படிக்கட்டுக்குக் கீழே இறங்கி நின்றாள். முழங்கையை ஒட்டிக்கொண்டாள். வளையத்தை மெல்லத் திருப்பினாள். நரைத்த புருவம், மூக்கின் மேல் கண்ணாடித் தழும்பு, இரண்டு நாள் தாடி. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் அவள் பார்த்ததில்லை. அந்த முகம் வேறெதையோ பார்த்து மெல்ல மலர்ந்தது.

"ருக்கு, திரும்பிப் பாரு."

"அசையாதேங்கோ."

"மலை திறந்துடுத்து. அந்தக் கோடிலேர்ந்து இந்தக் கோடி வரைக்கும். நடுவுல கொஞ்சம் இல்லை, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் தெரியறது." அவள் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். "அவ்வளவு பெரிசு தெரியறது. பத்தடியில நிக்கற நீ தெரியலையே."

அவளுக்கும் அந்த நேரத்தில் வட்டத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மறுபடி வளையத்தைத் திருப்பி, மூச்சை விட்டு, அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் மலையைத் திரும்பிப் பார்த்தாள்.

டில்லிக்குத் திரும்பி வந்த திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரோடு அவளும் அலுவலகத்துக்குப் போனாள். மேலதிகாரி மகாதேவன் எல்லாவற்றையும் கேட்டார். நீண்ட நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். இத்தனை மாதம் மறைத்ததற்குக் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது இதுதான்: "ஃபிலிம் கழுவற ரூம்ல முழு இருட்டு. உள்ளே போனா நானும் நீங்களும் ஒண்ணு. அங்கே உங்களை விட்டா எனக்கு வேற ஆள் கிடையாது. வரேளா?"

பூவராகவன் ஓய்வு பெறுகிறவரை ஏழு வருஷம் அந்த அறையில்தான் இருந்தார். வெளியே போய்ப் படம் எடுக்கிறவர்கள் வண்டியில் ஏறிப் புறப்படுகிற நேரங்களில் அவர் வாசல் பக்கம் வருவதில்லை என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். அதை அவர் வீட்டில் சொன்னதில்லை, ருக்குவும் கேட்டதில்லை. அந்த வருஷத் தீபாவளிக்கு வந்த வைதேஹியிடம் கண் விஷயத்தை அவரேதான் சொன்னார்.

கௌசானி ரோலை அந்த அறையில் முதல் வாரமே அவர் கையாலேயே கழுவினார். பெரும்பாலும் ஆடிப்போன படங்கள். மகாதேவன் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் அதை ருக்கு பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கையில், அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்படி வந்திருக்கு?"

நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். மாற்றிக்கொண்டாள்.

"காதுதான் துல்லியமா விழுந்திருக்கு. முகம் கொஞ்சம் மசமசன்னு இருக்கு."

"எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான். காதோரம் முடி இருக்கோன்னோ, கண்ணை அது இழுத்துடும்." படத்தை வாங்கி, மேலே விரலை வைக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்தார். "சட்டை என்ன கலர்ல போட்டிருந்தேன்?"

"நீலம். பொத்தான் ஒண்ணு போடலை."

"சொல்லியிருக்கலாமே."

"நான் பொத்தானையா பார்த்துண்டிருந்தேன்?" என்றாள் ருக்கு.